தலைவர் கதிரையில் ஒரு கேணல்

ஏதாவது ஒரு வேலை இழுபட்டுக்கொண்டே போனால் யாராவது ஒருவர் சொல்லிவிடுவார்: "ஒரு ஆமிக்காரரைப் போட்டால் எல்லாம் சரிவரும்." பன்சலையின் தாயக சபையில் இதைக் கேட்கலாம், பள்ளிவாசல் நிர்வாக சபையிலும், பாடசாலை அபிவிருத்திச் சங்கத்திலும் கேட்கலாம். மாவனல்லையில் இந்தப் பேச்சு எழுவதில் வியப்பில்லை. கொழும்பு வீதியில் கீழே இறங்கினால் அம்பேபுஸ்ஸையில் சிங்கப் படைப்பிரிவின் தலைமையகம். சுற்றுவட்டாரத்தில் படைச்சேவை முடித்து ஓய்வூதியத்தோடு திரும்பியவர் ஒருவராவது இல்லாத கிராமம் குறைவு. நேரத்துக்கு வருவார்கள், சொன்ன வேலையை முடிப்பார்கள். சங்கத்துச் செயலாளர் பதவி அவர்களைத் தேடிப் போகிறது.

சீருடையைக் கழற்றிவிட்டுச் சங்கக் கதிரையில் உட்காரும் அதிகாரி படையிலிருந்து எதைக் கொண்டுவருகிறார் என்பதைத்தான் நாம் கேட்பதில்லை. கட்டளையிடும் பழக்கத்தையா, கணக்கு வைக்கும் பழக்கத்தையா? ஊர் எதிர்பார்ப்பது முதலாவதை. சங்கத்துக்கு உதவுவது இரண்டாவது.

கட்டளையை நம்பி நாடே ஒருமுறை பரீட்சை எழுதியது. பெறுபேறும் நமக்குத் தெரியும். 2020இலும் 2021இலும் சுகாதார அமைச்சின் செயலாளர், சுங்கப் பணிப்பாளர் நாயகம், நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைத் தலைவர் என்று மேஜர் ஜெனரல்கள் வரிசையாக நியமிக்கப்பட்டார்கள். கொவிட் வேலைக்கு மாவட்டத்துக்கு ஓர் இராணுவ இணைப்பாளர். 2021 ஆகஸ்ட் முடிவில் அத்தியாவசிய சேவைகள் ஆணையாளர் நாயகமும் ஒரு மேஜர் ஜெனரல்தான். களஞ்சியங்கள் சோதிக்கப்பட்டன, சீல் வைக்கப்பட்டன, தொலைக்காட்சியில் சீனி மூட்டைகள் காட்டப்பட்டன. ஒரு மாதம் போவதற்குள் அரிசிக்கான கட்டுப்பாட்டு விலையை அரசே நீக்கியது. ஒக்டோபரில் பால்மா, எரிவாயு, சீமெந்து, கோதுமை மா என்று அடுத்தடுத்துக் கைவிட்டது. ஆலைக்காரரும் இறக்குமதியாளரும் எந்தத் தளபதியின் படையிலும் இல்லை; நட்டத்துக்கு விற்கச் சொன்னால் சரக்கை வெளியே விடமாட்டார்கள். நியமிக்கப்பட்ட அதிகாரிகளின் திறமையில் குறை சொல்ல நான் வரவில்லை. அவர்கள் கையில் கொடுக்கப்பட்ட கருவி அந்த வேலைக்கு உரியதல்ல.

இதற்கு மாறாகப் படையிலிருந்து சங்கத்துக்கு வந்து நிலைத்த வேலை செய்துவிட்டுப் போன இருவரின் கதை இந்தத் தீவில் இருக்கிறது. இருவருமே 1880களில் வந்தவர்கள், இருவருமே கேணல்கள். ஒருவர் அமெரிக்கர், மற்றவர் எகிப்தியர். ஒருவரின் சிலை கொழும்புக் கோட்டை ரயில் நிலையத்துக்கு முன்னால் நிற்கிறது. மற்றவரின் பெயரைத் தெரிந்தவர்கள் நம்மூரிலேயே குறைந்துகொண்டு வருகிறார்கள்.

ஹென்றி ஸ்டீல் ஒல்கொட்டைப் பௌத்த மறுமலர்ச்சியின் முன்னோடி என்று பாடப்புத்தகம் சொல்லிக்கொடுக்கிறது. அவர் எப்படிக் கேணல் ஆனார் என்பதை அது சொல்வதில்லை. 1832இல் நியூ ஜேர்சியில் பிறந்தவர். விவசாய ஆராய்ச்சி, பத்திரிகை எழுத்து என்று இளமையைக் கழித்தவர். அமெரிக்க உள்நாட்டுப் போர் மூண்டபோது வட படையில் சேர்ந்து 1862இல் வட கரோலைனாப் படையெடுப்புக்குப் போனார். போர்க்களத்தில் பெரிய பெயர் எடுக்கவில்லை. நோயில் விழுந்து திரும்பினார். பெயர் எடுத்தது அதற்குப் பிறகு, மேசையில். படைக்கு ஆள் சேர்ப்பதிலும் சரக்கு வாங்குவதிலும் நடந்த மோசடிகளைத் துருவ, போர்த் திணைக்களம் அவரை விசேட ஆணையாளராக நியமித்தது. நியூயோர்க்கில் பொய்ப் பற்றுச்சீட்டுகளால் அரசாங்கத்தை ஏமாற்றிய பெரும் ஒப்பந்தக்காரர் ஒருவரைப் பத்து வருடச் சிறைக்கு அனுப்பியது ஒல்கொட் சேர்த்த ஆவணங்கள்தான். பின்னர் கடற்படைத் திணைக்களமும் தன் தளங்களைத் துப்புரவாக்க அவரைக் கேட்டு வாங்கியது. 1865இல் லிங்கன் கொலை விசாரணைக்கும் அழைக்கப்பட்டார். போர் முடிந்ததும் வழக்கறிஞராகி, காப்புறுதிச் சட்டத்தில் தேர்ந்து, 1871இல் கூடிய தேசிய காப்புறுதி மாநாட்டின் அறிக்கையைத் தொகுத்தார்.

ஆக அந்தக் 'கேணல்', வாளேந்தியவர் என்பதைவிட வவுச்சர் பார்த்தவர். படை அவருக்குக் கற்றுக்கொடுத்தது, பணம் எந்த வழியால் ஒழுகும் என்பதை. 1875 நவம்பரில் பிளாவட்ஸ்கி அம்மையாரோடும் வேறு சிலரோடும் பிரம்மஞான சபையைத் தொடங்கித் தலைவரானபோது அம்மையார் தத்துவத்தையும் அற்புதங்களையும் பார்த்துக்கொண்டார். கிளைகளுக்குச் சாசனம் வழங்குவது, ஆண்டு மாநாடு கூட்டுவது, வரவு செலவு வாசிப்பது, பத்திரிகைச் சந்தாவை முன்பணமாக வாங்குவது எல்லாம் கேணலின் பொறுப்பு. அம்மையாரின் அற்புதங்களைச் சுற்றி 1884இலும் 1885இலும் வெடித்த சர்ச்சையில் அந்தச் சபை மூழ்கியிருக்க வேண்டும். மூழ்காமல் நின்றதற்குக் கிளைகளும் பதிவேடுகளும் முக்கிய காரணம் என்றே எனக்குப் படுகிறது.

1880 மே 17 அன்று காலியில் இறங்கினார். ஒரு வாரத்தில் பஞ்ச சீலம் எடுத்தார். அடுத்த மாதமே கொழும்பில் பௌத்த பிரம்மஞான சங்கம் பிறந்தது. பாடசாலை நடத்தப் பணம் வேண்டும். மிஷனரிகளுக்கு அரசின் உதவிப்பணமும் இங்கிலாந்து நன்கொடையும் இருந்தன, விகாரைகளுக்கு அப்படி எதுவும் இல்லை. 1881இல் தேசிய பௌத்த நிதி என்று ஒன்றைத் திறந்துகொண்டு ஊர் ஊராகப் புறப்பட்டார். போவதற்கு அவர் தானே வரைந்து செய்வித்த இரட்டைச் சில்லு மாட்டுவண்டியைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். நான்கு பேர் படுக்கலாம். பக்கங்களில் பாத்திரம், தகர உணவு, சிறிய நூலகம், குளியல் சாமான் வைக்கப் பெட்டிகள்; தரைக்கடியில் மூட்டை முடிச்சுக்கும் மரக்கறிக்கும் இரண்டு பெரிய பெட்டிகள்; முன்னால் கருவிகளும் மேலதிகக் கயிறும்; வண்டிக்குக் கீழே வாளி தொங்கக் கொக்கி, அச்சுக்கு மேலே வண்டிக்காரரின் சட்டிபானைக்கு ஒரு தட்டு. இத்தனையும் சேர்ந்து ஒரு டொன்னுக்குக் குறைவு. அதில் வாரக்கணக்கில் வாழ்ந்தார். படையில் வழங்கல் பிரிவை அறிந்த ஒருவரின் மூளை அந்த வண்டியின் ஒவ்வொரு கொக்கியிலும் தெரிகிறது. நிதியை ஒருவர் கையில் விடாமல் பொறுப்பாளர் சபை அமைத்து எழுத்தில் கட்டிப்போட முயன்றதிலும் அதே மூளைதான். அந்தப் பொறுப்பாளர்களோடு பிறகு அவர் பட்ட பாடு தனிக்கதை. (நன்கொடை கேட்டுப் போன கேணல், கைவைத்து நோய் தீர்ப்பவர் என்று பெயரெடுத்து, வரிசையில் நின்ற நோயாளிகளுக்கே நேரம் போதாமல் திண்டாடியதும் உண்டு. சங்க வேலையில் இறங்குபவர் எதற்காக அழைக்கப்படுவார் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது.)

ஆனால் அவருடைய இலங்கை வேலையின் உயிர்நாடி வேறோர் இடத்தில் இருக்கிறது. அதே 1881இல் பௌத்த வினாவிடை நூலை எழுதினார். சிங்கள மொழிபெயர்ப்பை எடுத்துக்கொண்டு வித்யோதய பிரிவெனாவுக்குப் போய், ஹிக்கடுவே ஸ்ரீ சுமங்கல தேரரோடும் அவருடைய உதவியாளரோடும் உட்கார்ந்து வரி வரியாகப் பார்த்தார். நிர்வாணம் பற்றிய பதிலில் தேரர் நின்றுவிட்டார். திருத்தாவிட்டால் ஒப்புதல் கடிதம் கிடையாது. நூலை எழுதியவர், அச்சுச் செலவுக்கு வழி பார்த்தவர், சங்கத்தின் உலகத் தலைவர் எல்லாம் இந்தக் கேணல்தான். இருந்தும் திருத்தினார். தேரரின் முத்திரை இல்லாமல் அந்தப் புத்தகம் ஒரு விகாரைக்குள்ளும் நுழையாது என்பது அவருக்குத் தெரியும். திருத்திய நூல் வெளிவந்து, எத்தனையோ பதிப்பாகி, எத்தனையோ மொழிகளுக்குப் போனது.

இந்தக் காட்சியை நான் பெரிதாக எடுப்பதற்குக் காரணம் உண்டு. படையில் கீழே உள்ளவர் மேலே உள்ளவருக்குப் பதில் சொல்ல வேண்டும். சங்கத்தில் மேலே உள்ளவர் கீழே உள்ளவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டும். ஒல்கொட் 1880களில் இதைப் புரிந்து நடந்தார், அந்தப் பத்து வருடம்தான் இலங்கையில் அவருடைய பொற்காலம். 1883 உயிர்த்த ஞாயிறு அன்று கொட்டாஞ்சேனையில் பௌத்த ஊர்வலம் தாக்கப்பட்டபோது, ஆத்திரப்பட்ட மக்களின் சார்பில் அடுத்த வருடம் லண்டனுக்குப் போய்க் குடியேற்ற நாட்டு அலுவலகத்தில் முறையிட்டார். மனு, சாட்சியம், கோரிக்கைப் பட்டியல் என்று நியூயோர்க்கில் பழகிய அதே முறை. 1885இல் வெசாக் விடுமுறை கிடைத்தது. 1886இல் கொழும்பில் ஆனந்தா, 1887இல் கண்டியில் தர்மராஜா, 1892இல் காலியில் மஹிந்தா ஆகியவை அந்தச் சங்கத்தின் முயற்சியில் எழுந்தன.

அதற்குப் பின்னால் வந்த ஒல்கொட் வேறு. தலைமை ஆயுட்காலத்துக்கு என்று ஆகிவிட்டது. 1892இல் உடல்நிலை காரணம் காட்டி விலகுவதாக அறிவித்தார். சில மாதங்களில் திரும்ப எடுத்துக்கொண்டார். 1895இல் அமெரிக்கப் பகுதி வாக்கெடுத்துப் பிரிந்தபோது அவர்களின் சாசனங்களை ரத்துச் செய்தார். இலங்கையில் அவர் கைபிடித்து வளர்ந்த அநகாரிக தர்மபால, புத்தரின் புனித தந்தமான தலதா பற்றி அவர் சொன்ன கருத்தினால் கடைசிக் காலத்தில் முற்றாக விலகினார். 1905இல் சபையைச் சென்னையில் 1860ஆம் ஆண்டுச் சங்கப் பதிவுச் சட்டத்தின் கீழ் ஒழுங்காகப் பதிவு செய்தவர், 1907 ஜனவரியில் அடையாற்றில் மரணப் படுக்கையில் இருந்தபடி, கண்ணுக்குத் தெரியாத மகாத்மாக்கள் தோன்றி அன்னி பெசன்ட்டையே தலைவராக நியமிக்கச் சொன்னார்கள் என்று அறிவித்தார். கிளைகள் பலவற்றில் முணுமுணுப்பு எழுந்தது. சட்டப்படி வாக்கெடுப்பு நடந்தது. பெசன்ட் பெரும்பான்மையோடு வென்றார் என்பது உண்மை; மேலிடத்துக் கட்டளை என்ற அறிவிப்பு இல்லாமலும் அவர் வென்றிருக்கக் கூடும். கணக்காய்வாளர் கேணல் கடைசியில் கட்டளைக் கேணலாக மாறிவிட்டார் என்று நான் இதை வாசிக்கிறேன்.

இரண்டாமவர் அஹமத் ஒராபி பாஷா. நைல் நதிக் கிராமத்துக்காரர், கட்டாய ஆட்சேர்ப்பில் படைக்குப் போய் இளவயதிலேயே உயர்ந்தவர். 1881 செப்டம்பர் 9 அன்று கேணலாக இருந்தபடி தன் படையை அப்தீன் மாளிகை முன் நிறுத்தி, ஆட்சியாளரிடம் பாராளுமன்றம் கேட்டவர். மறுவருடம் போர் அமைச்சர். அந்த வருட செப்டம்பரிலேயே தெல் எல் கபீரில் பிரித்தானியப் படையிடம் தோற்றுச் சிறைப்பட்டார். 1883 ஜனவரியில் ஆறு தோழர்களோடு கொழும்புத் துறைமுகத்தில் இறக்கப்பட்டார். கரை நிறைய முஸ்லிம்கள் நின்று வரவேற்றார்கள்.

இவரிடம் படை இல்லை, பதவி இல்லை, பிரித்தானியரின் கண் எப்போதும் இவர் மேல். கட்டளையிட ஒருவரும் இல்லாத தளபதி என்ன செய்வார்? கூட்டங்களுக்குப் போனார். கண்டிச் சட்டத்தரணி சித்திலெப்பை 1882இல் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையைத் தொடங்கி, ஆங்கிலக் கல்வி வேண்டும் என்று வாதாடிக்கொண்டிருந்த நேரம். ஆங்கிலப் பள்ளிக்கு அனுப்பினால் பிள்ளை மதம் மாறிவிடும் என்ற பயம் வீட்டுக்கு வீடு இருந்தது. பயத்துக்கு நியாயமும் இருந்தது. 1884இல் கொழும்பில் எடுத்த முதல் முயற்சி நிலைக்கவில்லை. பிறகு முஸ்லிம் கல்விச் சங்கம் அமைந்தது. கட்டடக் கலைஞர் வாப்பிச்சி மரிக்கார், ஐ. எல். எம். அப்துல் அஸீஸ் போன்றோர் சேர்ந்தார்கள். 1892 ஆகஸ்டில் மருதானையில் பாடசாலை திறந்தது. பின்னால் ஸாஹிரா என்று பெயர் பெற்றது அதுதான். ஒராபி பாஷா அதன் முதல் காப்பாளர். இஸ்லாத்துக்காகப் போரிட்டவர் என்று மக்கள் நம்பிய ஒருவர் மேடையில் உட்கார்ந்து "பிள்ளைகளை அனுப்புங்கள்" என்றால் தகப்பனின் பயம் பாதியாகக் குறையும். அந்த நம்பிக்கையைச் சங்கத்துக்கு இரவல் கொடுத்தார். 1901இல் நாடு திரும்பினார். கண்டி ஹல்லொலுவை வீதியில் அவர் வாழ்ந்த வீடு இப்போது நினைவில்லம். கண்டிக்குப் போகும் மாவனல்லைக்காரர்களில் எத்தனை பேர் அங்கே இறங்கிப் பார்த்திருப்பார்கள் என்று தெரியவில்லை. மாவனல்லை ஸாஹிராவின் பெயர்ப்பலகையை மட்டும் நாள்தோறும் கடந்து போகிறோம்.

இரு கேணல்களுக்கும் வாய்த்த ஒரு வசதியைச் சொல்லாமல் விட முடியாது. அவர்களைக் கேள்வி கேட்க ஒரு சமூகம் எழுந்து நின்றது. சுமங்கல தேரரும் சித்திலெப்பையும் இல்லாமல் அவர்கள் இங்கே வெறும் வெளிநாட்டு விருந்தாளிகள். பணம் கொடுத்தவர்கள், காணி கொடுத்தவர்கள், பிள்ளையைக் கொடுத்தவர்கள் பொதுக்கூட்டத்தில் எழுந்து பேசக்கூடியவர்களாக இருந்தார்கள்.

இந்த வசதி கிடைக்காத ஒரு பகுதி இந்த மலைநாட்டிலேயே இருந்தது: தோட்டம். அதன் கதை வீதியில் தொடங்குகிறது. கொழும்பு–கண்டி வீதியே படையின் வேலை. ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ், வோட்டர்லூவில் போரிட்ட ஜெனரல். இளம் அதிகாரி தோமஸ் ஸ்கின்னர் பதினாறு வயதில் வீதி வெட்டும் வேலைக்கு அனுப்பப்பட்டார். கடுகண்ணாவையில், இந்த வீதியை அமைத்த கப்டன் டோசனின் நினைவுக் கோபுரம் இன்றும் நிற்கிறது. மாவனல்லையில் மஹா ஓயாவுக்கு மேலே 1830களின் செங்கல் வளைவுப் பாலத்தில் இன்றும் பஸ் ஓடுகிறது. வீதி வந்ததும் கோப்பி வந்தது. பார்ன்ஸ் தானே கன்னொறுவையில் பயிரிட்டார், ஜோர்ஜ் பேர்டும் அவருடைய படை அதிகாரிச் சகோதரரும் கம்பளைப் பக்கம் காடு வெட்டினார்கள். 1854 பெப்ரவரி 17 அன்று கண்டியில் பெருந்தோட்டத்துரைமார் சங்கம் கூடியபோது அதன் முதல் தலைவர் கப்டன் கீத் ஜொலி. படையிலிருந்து வந்து சங்கம் நடத்திய அதிகாரிக்கு இந்தத் தீவில் இதைவிடப் பழைய உதாரணம் எனக்குத் தெரியாது. தன் உறுப்பினருக்கு அது உண்மையாக உழைத்தது. வீதி கேட்டது, ரயில் கேட்டது, கூலி ஆட்களைக் கொண்டுவர வசதி கேட்டது, பெரும்பாலும் கிடைத்தது. இலாப நோக்கற்ற சங்கம்தான், இலாபம் உறுப்பினருடையது.

துரைமார் சங்கத்தில் பேசிக்கொள்ள, தோட்டத்தில் படை ஒழுங்கு. விடியமுன் பிரட்டு, பெயர் கூப்பிட்டு வேலை பிரிப்பு, செக்ரோல், பெரிய துரை, சின்னத்துரை, கங்காணி என்று படிவரிசை. 1900இல் துரைமாரே தொண்டர் படையாக அணிதிரண்டார்கள்; 1915 கலவரத்தில் இராணுவச் சட்டத்தின் கீழ்த் துப்பாக்கியோடு சப்ரகமுவ ஊர்களுக்குள்ளும் இறங்கினார்கள். தனக்குள்ளே பொதுக்கூட்டம் வைத்து, தலைவரைத் தெரிவு செய்து, கணக்கு வாசித்த அதே ஆட்கள் லயனுக்கு வந்தால் கட்டளை மட்டும்தான்.

இங்கே ஒல்கொட் கதையில் ஒரு முடிச்சு இருக்கிறது. 1894இல் அவர் அடையாற்றில் ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளுக்கு இலவசப் பள்ளி தொடங்கினார். பிறகு மேலும் சில, அவற்றில் ஒன்றுக்குத் திருவள்ளுவர் பெயர். 1898இல் அயோத்திதாசப் பண்டிதரைக் கொழும்புக்கு அழைத்துவந்து பௌத்தம் தழுவ வழி செய்தவரும் அவரே. சென்னை மாகாணத்தின் அந்த மக்களின் உறவினர்கள்தான் கடல் கடந்து இந்த மலைகளில் கோப்பியும் தேயிலையும் பிறகு ரப்பரும் வளர்த்தார்கள். சென்னையில் அவர்களுக்குப் பள்ளி கட்டிய கேணல், இலங்கையில் கட்டிய சங்கம் பௌத்தருக்கானது. லயன் பிள்ளை அதன் கணக்கில் வரவில்லை. ஒராபி பாஷாவின் நண்பர்கள் முஸ்லிம் பிள்ளைகளைப் பார்த்தார்கள். இதைக் குற்றச்சாட்டாக எழுதவில்லை. சங்கம் தன் அங்கத்தவருக்குத்தான் வேலை செய்யும், அதன் இயல்பு அது. எட்டியாந்தோட்டை, தெஹியோவிற்ற, இரத்தினபுரிப் பக்கத்துத் தோட்டப் பிள்ளைகள் தோட்டப் பள்ளி என்ற ஒற்றை அறையோடு நின்றார்கள்; அரசு அந்தப் பள்ளிகளைப் பொறுப்பேற்கத் தொடங்கியதே 1970களின் பிற்பகுதியில்தான்.

தோட்டத்துக்குச் சொந்தச் சங்கம் வந்தது பிந்தி. 1931இல் நடேசய்யர் தொழிற்சங்கம் கட்டினார், 1939இல் இலங்கை இந்தியக் காங்கிரஸ் பிறந்தது. அது தந்த பலம் பெரிது. ஒரு பழக்கம் மட்டும் இன்றுவரை உறுத்துகிறது: சந்தாவைத் தோட்ட நிர்வாகமே சம்பளத்தில் கழித்துத் தொழிற்சங்கத்துக்கு அனுப்பும் முறை. வசதியான ஏற்பாடு, தொகை ஒழுங்காகப் போகும். ஆனால் உறுப்பினர் தன் கையால் காசை எண்ணிக் கொடுப்பதில்லை. எண்ணிக் கொடுக்காத காசுக்குக் கணக்குக் கேட்பவர் குறைவு. சம்பளச் சீட்டில் ஒரு வரியாகச் சங்கம் சுருங்கிவிட்டால், அதன் தலைவர் சீருடை போடாமலே தளபதி ஆகிவிடலாம்.

சமகாலத்துக்கு வருவோம். 2016 மே 17 மாலை, மாவனல்லைக்குப் பக்கத்து அரநாயக்கவில் சாமசர மலை சரிந்து சிரிபுர, பல்லேபாகே, எலங்கபிட்டிய கிராமங்களை மூடியது. நூற்றுக்கும் மேற்பட்டோர் மண்ணுக்குள். மீட்பு வேலைக்குப் பொறுப்பாக நின்றவர் மேஜர் ஜெனரல் சுதந்த ரணசிங்க. அவர் முன்னர் புனர்வாழ்வு ஆணையாளர் நாயகமாக இருந்தவர். ஓய்வுக்குப் பின் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் பணிப்பாளர் நாயகமானவர். படைக் கைகள் இல்லாமல் அந்தச் சேற்றை யாரும் கிளறியிருக்க முடியாது. மழை நிற்கவில்லை, மலை இன்னும் அசைந்துகொண்டிருந்தது. யார் முன்னே போவது, யார் பின்வாங்குவது என்று ஒருவர் சொல்ல, மற்றவர் கேட்க வேண்டிய நேரம். அங்கே பொதுக்கூட்டம் கூட்டினால் ஆள் சாவான்.

ஆனால் தோண்டும் நாட்கள் முடிந்தபின் தொடங்கியது வேறு வேலை. முகாமில் யார் எந்தக் குடும்பம், யாருக்கு மாற்றுக் காணி, உறுதிப் பத்திரம் மண்ணுக்குள் போனவர் எதைக் காட்டுவது, ஒரே கூரையின் கீழ் இருந்த இரண்டு குடும்பத்துக்கு ஒரு வீடா இரண்டு வீடா. இதற்குக் கட்டளை உதவாது. பெயர்ப் பட்டியலைச் சுவரில் ஒட்டி, தவறு என்பவரைப் பேசவிட்டு, திருத்தி, மறுபடி ஒட்ட வேண்டும். நியூயோர்க்கில் ஒல்கொட் பார்த்த வவுச்சர் வேலை இது. படைக்குள்ளும் இதை அறிந்தவர்கள் உண்டு. கணக்குப் பிரிவில், வழங்கல் பிரிவில், பொறியியல் பிரிவில் இருந்தவர்கள். ஊர்ச் சங்கங்கள் ஓய்வுபெற்ற அதிகாரியைத் தேடும்போது எந்தப் போர்முனையில் நின்றார் என்று கேட்கின்றன. களஞ்சியப் புத்தகத்தை ஒப்படைக்கும்போது எத்தனை சாமான் குறைந்தது என்று கேட்பதில்லை.

இன்னொன்றையும் பார்க்க வேண்டியிருக்கிறது, அது மாவனல்லைக்கே உரியது. இரு கேணல்களின் காலத்தில் தொடங்கிய அமைப்பு முறை வெற்றி பெற்றுவிட்டது. பௌத்தருக்குப் பௌத்தப் பாடசாலை, முஸ்லிமுக்கு முஸ்லிம் பாடசாலை, ஒவ்வொன்றுக்கும் பழைய மாணவர் சங்கம், அபிவிருத்திச் சங்கம், அருகே தாயக சபை, பள்ளி நிர்வாகம். ஒவ்வொன்றும் தன் உறுப்பினருக்குத் திறமையாக உழைக்கிறது. 2001 மே தொடக்கத்தில் இந்த நகரத்தில் கடைகள் எரிந்தபோது நல்ல நிர்வாகமுள்ள சங்கங்களுக்குக் குறைவில்லை. பௌத்தர், முஸ்லிம் என்ற இரண்டு பக்கத்து உறுப்பினரும் ஒரே கூட்டறிக்கையில் கையெழுத்திடும் சங்கம்தான் இல்லாத குறை. வர்த்தகர் சங்கம் போன்ற ஒன்றிரண்டு இடங்களில் இருசாராரும் சேர்ந்து உட்காருவதுண்டு. அவ்விடங்களில் முதல் வேலை வாடகையும் வாகனத் தரிப்பிடமும். தோட்டத்துத் தமிழர் எந்த மேசைக்கும் அழைக்கப்படுவதில்லை.

அதனால் அடுத்த முறை நம்மூர்ச் சங்கம் ஒன்று, "ஒரு ஆமிக்காரரைப் போடுவோம்" என்று முடிவெடுக்கும்போது நான் எதிர்த்து வாக்களிக்கமாட்டேன். மூன்று விடயம் கேட்பேன். பதவிக்காலம் எத்தனை வருடம், அதை யாப்பில் எழுதியாயிற்றா? கணக்காய்வாளரைத் தெரிவு செய்வது நிர்வாக சபையா, பொதுச்சபையா? உறுப்பினர் பட்டியலில் யார் பெயர் இல்லை? முதல் இரண்டுக்கும் ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவர் பெரும்பாலும் நல்ல பதிலோடு வருவார், படையில் பதவிக்காலமும் கணக்காய்வும் கண்டிப்பானவை. மூன்றாவதை அவரிடம் விட்டுவிட முடியாது. அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் அவரைத் தெரிவு செய்யக் கூடியிருக்கும் நாங்கள்.